889 பேர் விலையுள்ள வண்டி

வண்டி ஒன்று எடுக்க வேண்டும் என்று ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் தோட்டத்துத் தம்பிமாருக்கும், அந்த வண்டிக்காகச் சேமலாபப் பணத்தை எடுக்கப் படிவம் நிரப்பிக்கொண்டிருக்கும் அம்மாமாருக்கும்,



போன மாதம் எங்கள் டிவிசன் தம்பி ஒருவன் ஃபோனில் ஒரு படம் காட்டினான். நீல ஆட்டோ. கழுவித் துடைத்து, டயருக்குக் கறுப்புப் பூசி, சீட்டுக்குப் புது உறை போட்டு மாப்பிள்ளை மாதிரி நின்றது. "பன்னெண்டுக்குத் தர்றாங்க அண்ணே. இதே மொடல் வெளியில பதினாலு. பேப்பர் எல்லாம் கிளியர். லேசா அடிபட்டதாம், அவ்வளவுதான்."

லேசா என்றால் எவ்வளவு என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. அங்கேயே நின்று புரோக்கருக்குக் கோல் எடுத்தான். "முன்னுக்குக் கொஞ்சம்" என்றார் புரோக்கர். கொஞ்சம் என்றால்? "அதெல்லாம் செஞ்சாச்சு தம்பி, நீங்க வந்து ஓட்டிப் பாருங்க." ஃபோனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு அவன் என் முகத்தைப் பார்த்தான். அந்த 'லேசா'வைப் பற்றித்தான் இந்த மடல். அந்தச் சொல்லோடு எனக்கும் ஒரு பழைய பாக்கி இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அன்று இரவு பன்னிரண்டு இலட்சத்தை நம் கணக்கில் போட்டுப் பார்த்தேன். 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. அந்த வீதத்தில் பன்னிரண்டு இலட்சம் என்பது 889 பேர், அதாவது 889 நாள் வேலை. மாதம் 25 பேர் விழுந்தாலும் மூன்று வருடம். அதுவும் சாப்பிடாமல், கடைக் கடன் கட்டாமல். ஆனால் அவன் அம்மாவின் சேமலாபத்தில் கிடப்பது 1,350 காலத்துக் காசு இல்லையே. 2016 ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 500. 2019இல் 700. நாட்சம்பளம் ஆயிரத்தைத் தொட்டது 2021இல். அந்தச் சம்பளங்களில் அவரிடம் நூற்றுக்கு எட்டு, தோட்டத்திடம் பன்னிரண்டு என்று பிடித்துச் சேர்ந்த காசு அது. 500 ரூபாய் காலத்தில் பறித்த கொழுந்துக்கு இன்றைய விலையில் ஆட்டோ வாங்கப் போகிறோம். ஐம்பது வயதில் கைக்கு வரும் அந்தத் தொகை இரண்டாம் முறை வராது.

அதனால்தான் இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதுகிறேன். வண்டியைப் பார்க்கப் போவது மகன், மகனின் கூட்டாளிகள் இரண்டு பேர், புரோக்கர். காசு அம்மாவினுடையது. போகிற வண்டியில் அம்மாவுக்கு மட்டும் இடம் இருப்பதில்லை.

அடிபட்ட வண்டியே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. "கம்பெனி வண்டியே எடுங்க, செக்கன்ட் ஹேன்ட் தலைவலி" என்று புத்தி சொல்பவர்கள் பெரும்பாலும் வீட்டு வாசலில் கார் நிற்கும் ஆட்கள். 2017இல் மத்திய வங்கி, புது ஆட்டோ ஒன்றின் மதிப்பில் 25 வீதத்துக்கு மேல் லீசிங் கொடுக்கக்கூடாது என்று வரம்பு போட்டது. மிச்சம் 75 வீதத்தைக் கையில் வைத்திருந்த லயத்துக் குடும்பம் எத்தனை? பழைய வண்டிதான் நமக்கு. வண்டி நமக்கு ஆடம்பரமும் இல்லை. டிக்கோயாவில் 150 கட்டிலோடு பெரிய ஆஸ்பத்திரி கட்டித் தந்தார்கள். 2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் மோடியே வந்து திறந்துவைத்தார். ஆஸ்பத்திரி இருக்கிறது. இரவு ஒரு மணிக்கு வலி எடுத்த பிள்ளைத்தாய்ச்சியை மேல் டிவிசனிலிருந்து அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது எது? யாரோ ஒருவனுடைய செக்கன்ட் ஹேன்ட் ஆட்டோதான்.

ஆக, வாங்கத்தான் போகிறீர்கள். எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குங்கள் என்பதே என் கெஞ்சல்.

ஒரு வண்டி பெரிதாக அடிபட்டால், திருத்தும் செலவு வண்டியின் பெறுமதியை நெருங்கிவிட்டால், காப்புறுதிக் கம்பெனி அதை 'டோட்டல் லாஸ்' என்று முடிவு கட்டும். உரிமையாளருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு உடைந்த வண்டியைத் தான் எடுத்துக்கொள்ளும். பிறகு டெண்டர் கேட்டு விற்கும். இதில் களவு ஒன்றும் இல்லை, பத்திரிகையில் விளம்பரமே வருகிறது. வாங்குகிறவர் பெரும்பாலும் கராஜ்காரர். அவர் கண்ணால் பார்த்து, எவ்வளவு உடைந்திருக்கிறது என்று தெரிந்து, அதற்கேற்ற விலை கொடுத்து வாங்குகிறார். அதுவரை எல்லாம் நேர்மையாகவே நடக்கிறது. டிங்கரிங் முடிந்து, பெயின்ட் அடித்து, வண்டி அவர் கராஜை விட்டு வெளியே வரும்போதுதான் உண்மை அந்தக் கராஜுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. இரண்டாம் கைக்கு 'அடிபட்டது' என்று போகும். மூன்றாம் கைக்கு 'லேசா'. நாலாம் கையான நமக்கு 'ஒரே ஓனர், லேடி டொக்டர் ஓட்டினது'.

அமெரிக்காவில் இப்படிச் செத்துப் பிழைத்த வண்டிக்கு உரிமைப் பத்திரத்திலேயே முத்திரை குத்திவிடுவார்கள். திருத்தி ரோட்டுக்கு வந்த பிறகும், எத்தனை கை மாறினாலும் அந்த அடையாளம் பத்திரத்தோடு போகும். அங்கேயும் ஏமாற்று நடக்காமல் இல்லை. 2005இல் கத்ரீனா புயலில் மூழ்கிய வண்டிகளைத் தூரத்து மாநிலங்களுக்குக் கொண்டுபோய், அங்கே புதுப் பத்திரம் எடுத்து விற்றார்கள். ஆனாலும் ஏமாற்றுவதற்கு அவ்வளவு மெனக்கெட வேண்டியிருந்தது. இங்கே அந்தச் சிரமமே கிடையாது. நம்முடைய பதிவுச் சான்றிதழை, அந்தச் சீஆரை எடுத்துப் பாருங்கள். எஞ்சின் நம்பர் இருக்கிறது, சேசி நம்பர் இருக்கிறது, நிறம், வருடம், முந்திய சொந்தக்காரர்கள், லீசிங் ஓடினால் 'அப்சலூட் ஓனர்' என்ற இடத்தில் கம்பெனி பெயர். இது ஒருமுறை டோட்டல் லாஸ் ஆன வண்டி என்று எழுதுவதற்கு அதில் ஒரு கட்டம் இல்லை. ஆகவே "பேப்பர் கிளியர்" என்று புரோக்கர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்குப் பேப்பர் எப்படிப் பதில் சொல்லும்?

ஜப்பான்காரர்களிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. அங்கே ஏலத்துக்கு வரும் வண்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் இருக்கும். திருத்திய வண்டி என்றால் அதில் 'ஆர்' என்றோ 'ஆர்ஏ' என்றோ போட்டிருப்பார்கள். அவர்கள் எதைத் 'திருத்திய வண்டி' என்கிறார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. கதவு மாற்றியது, மட்காட் மாற்றியது, பம்பர் உடைந்தது, இதெல்லாம் அந்தக் கணக்கில் சேராது. சேசி, தூண், தரை, கூரை என்று வண்டியின் எலும்பில் கை வைத்திருந்தால்தான் 'ஆர்'. அடிபட்டதா என்று கேட்டால் எல்லாரும் 'லேசா' என்பார்கள். தோலில் பட்டதா, எலும்பில் பட்டதா என்று கேட்டுப் பாருங்கள். பதில் வருவதற்கு முன் கொஞ்ச நேரம் மௌனமாக இருக்கும்.

என்னிடம் இருந்தது எலும்பில் பட்ட வண்டி.

2016 கடைசியில் ஒரு டொல்பின் வேன் எடுத்தேன். வெள்ளை, டபிள்யூபி நம்பர், கம்பஹாப் பக்கத்தில் ஒரு வீட்டில் நின்றது. விலை இருபது இலட்சம். அப்பாவின் சேமலாபமும் மனைவியின் நகையும் அதில் போயின. ஸ்கூல் ஹயர் ஓடுவதுதான் திட்டம். கொழும்பு ரோட்டில் ஓட்டிப் பார்த்தபோது தண்ணீர் மாதிரி ஓடியது. கினிகத்தேனை ஏற்றத்தில் வளைவுகள் தொடங்கியதும் ஸ்டியரிங் இடது பக்கம் லேசாக இழுப்பது தெரிந்தது. டயரில் காற்றுக் குறைவு என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். வாங்கின வண்டியைப் பற்றி யாரும் முதல் மாதத்தில் கெட்டதை நம்ப மாட்டார்கள். நாலு மாதத்தில் முன் டயர் இரண்டும் உள்பக்கமாகத் தேய்ந்து நூல் தெரிந்தது. வீல் அலைன்மென்ட் செய்தேன், பிறகும் தேய்ந்தது. மூன்றாம் தடவை நோர்வூட் பக்கத்தில் ஒரு கராஜ் பாஸ் வண்டிக்கு அடியில் படுத்தார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு டோர்ச்சை மட்டும் வெளியே நீட்டி என்னைக் கூப்பிட்டார்.

கம்பெனியில் ஒட்டிய தகட்டில் வெல்டிங் விரல் நுனியை அழுத்தி எடுத்த மாதிரி வட்ட வட்டமாக, ஒரே இடைவெளியில் இருக்கும். அவர் வெளிச்சம் பிடித்த இடத்தில் அப்படி இல்லை. இடது நடுத்தூணின் அடியிலிருந்து தரைக்குக் குறுக்கே, கம்பளிப்பூச்சி ஊர்ந்து போன மாதிரி ஒரு தடித்த வெல்டிங் வரி ஓடியது. அதற்கு மேல் தார் பூசியிருந்தார்கள். ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினார். வரிக்கு முன்னால் வெள்ளைப் பெயின்டுக்குக் கீழேயும் வெள்ளை. வரிக்குப் பின்னால் வெள்ளைக்குக் கீழே நீலம்.

"இது ரெண்டு வண்டிண்ணே" என்றார் பாஸ்.

முன்பாதி ஒரு வேன், பின்பாதி இன்னொரு வேன். ஒன்று முன்னால் செத்தது, மற்றது பின்னால் செத்தது. வெட்டிப் பூட்டியிருக்கிறார்கள். சீஆர் முன்பாதியினுடையது, சுத்தமான சீஆர்.

இதை எப்படி முன்னமே கண்டுபிடித்திருக்கலாம் என்று பிறகு பல பேரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு பைசா செலவில்லாத வேலை. வண்டி பார்க்கப் பகலில் போங்கள். மழையில் போகாதீர்கள், ஈரத்தில் எல்லாப் பெயின்டும் புதிதாகத்தான் தெரியும். வருவதாகச் சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னால் போங்கள். எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால், குளிரில் ஸ்டார்ட் ஆக மறுக்கும் வண்டியாக இருக்கலாம். நம்மூர்க் காலை ஐந்தரை மணிக் குளிர் கம்பஹாவில் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தைத் தகட்டின் மேல் மெதுவாக இழுத்துப் பாருங்கள். தகட்டில் பிடிக்கும், தடிப்பாகப் புட்டி பூசிய இடத்தில் வழுக்கும். கதவுகளின் இடைவெளி மேலேயும் கீழேயும் ஒரே அளவாக இருக்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள். போல்ட் தலைகளில் பெயின்ட் உடைந்திருந்தால் ஸ்பானர் பட்டிருக்கிறது. கண்ணாடிகளின் மூலையில் அச்சடித்த குறி எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். சேசி நம்பர் வெட்டியிருக்கும் தகட்டைச் சுற்றி வெல்டிங் தெரிந்தால் அதற்குமேல் பேச வேண்டாம், தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிடுங்கள். பாயைத் தூக்குங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தரையில் விரித்த அந்தப் பாயைத் தூக்குங்கள். விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

ஆட்டோவுக்கு இன்னும் எளிதான வழி ஒன்று உண்டு. தண்ணீர் தேங்கிய இடத்தில் ஓட்டிவிட்டு, காய்ந்த ரோட்டில் நேராகப் பத்து மீற்றர் போங்கள். இறங்கி வந்து தடத்தைப் பாருங்கள். பின் சக்கரம் இரண்டின் கோட்டுக்கும் சரி நடுவில் முன் சக்கரத்தின் கோடு இருக்க வேண்டும். அந்தத் தம்பியோடு போய் அந்த நீல ஆட்டோவை நானும் பார்த்தேன். முன் கோடு நடுவை விட்டு நாலு விரல் தள்ளி ஓடியது. 'முன்னுக்குக் கொஞ்சம்' என்று புரோக்கர் சொன்ன கொஞ்சம் அந்த நாலு விரல்தான்.

தண்ணீர் குடித்த வண்டி வேறு கதை. அடிபட்ட வண்டி ஒரு இடத்தில் காட்டிக்கொடுக்கும். தண்ணீர் குடித்தது ஒரு வருடம் கழித்து ஒவ்வொரு இடமாகக் காட்டிக்கொடுக்கும். 2016 மே மாதம் களனி கங்கை பெருகிக் கொலன்னாவைப் பக்கமெல்லாம் மூழ்கியபோது நின்ற இடத்திலேயே மூழ்கிய வாகனங்களை டிவியில் பார்த்தோம். 2015 டிசெம்பர் சென்னை வெள்ளத்துக்குப் பிறகு அங்கே காப்புறுதிக் கம்பெனிகள் மூழ்கிய கார்களை ஏலத்தில் தள்ளின. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல். அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. நம் மலைகளில் மண் சரிந்தது, கம்பளையில் மகாவலி ஊருக்குள் வந்தது. அந்தச் சேற்றில் நின்ற வண்டிகளெல்லாம் எங்கே போயிருக்கும்? மூழ்கிய ஊரில் யாரும் மூழ்கிய வண்டியை வாங்க மாட்டார்கள். அது தன்னைத் தெரியாத ஊரைத் தேடித்தான் போகும். ஆகவே அடுத்த இரண்டு மூன்று வருடத்துக்கு, விலை குறைவாகப் பளபளவென்று வரும் வேனில் சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்துப் பாருங்கள். கழுவுகிறவர்கள் சீட்டைக் கழுவுவார்கள், பெல்ட்டின் சுருளுக்குள் போன சேற்றுக் கோட்டைக் கழுவ மறந்துவிடுவார்கள். ஸ்பெயார் வீல் கிடக்கும் குழிக்குள் விரலை விட்டுத் தடவுங்கள். வாசனைத் திரவியம் அளவுக்கு மீறி அடித்திருந்தால் எதற்கு என்று கேளுங்கள்.

பிரேக்கைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது சமவெளிக்காரனுக்குத் தேவையில்லாத பாடம். பிரேக் ஒயில் காற்றிலிருக்கும் ஈரத்தையே உறிஞ்சும் சாமான். வெள்ளத்தில் நின்றால் கேட்கவே வேண்டாம். டொட் மூன்று வகை ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகை வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடுகிறது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கிருந்து லபுக்கலை, ரம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும்போது ஆயிரத்து முந்நூறு மீற்றருக்கு மேல் இறங்குகிறோம். பெடலில் காலை வைத்தபடியே இறங்கும் வண்டியில் பிரேக் எவ்வளவு சுடும் என்பதை, கீழே வந்து சக்கரத்தில் தண்ணீர் ஊற்றிப் புகையைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவி. ஆவியை அழுத்தினால் அது சுருங்கும், சக்கரம் நிற்காது. கொழும்பில் அந்தப் பிரேக் பல மாதம் ஒரு குறையும் காட்டாமல் இருக்கலாம். ரதல்ல இறக்கத்தில் பத்து நிமிடம் போதும்.

ரதல்ல என்று எழுதியதும் கை நிற்கிறது. 2023 ஜனவரி 20, நானுஓயா, ரதல்ல குறுக்கு ரோடு. பாடசாலைச் சுற்றுலா வந்த பஸ் ஒரு வேனிலும் ஆட்டோவிலும் மோதி ஏழு பேர் இறந்தார்கள். அந்த வேனைப் பற்றியும் ஆட்டோவைப் பற்றியும் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை, அவற்றில் பஸ்தான் வந்து மோதியது. ஆனால் அன்று இரவு செய்தியில் 'வேன்' என்ற சொல்லைக் கேட்டதும் நான் முதலில் தேடியது வேனின் மொடலை. ஏன் தேடினேன் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

புகைச் சான்றிதழ் இருக்கிறதே என்பார்கள். புகைப் பரிசோதனை புகையைத்தான் பரிசோதிக்கிறது. குழாயில் கருவியை வைப்பார்கள், யாரும் பாயைத் தூக்குவதில்லை. ஆட்டோவுக்கு வருட லைசன் எடுக்க அந்தச் சான்றிதழும் காப்புறுதியும் இருந்தால் போதும். இரண்டு வண்டியை ஒட்டிய என் வேன் வருடா வருடம் நல்ல மார்க்கோடு பாஸ் ஆனது.

ஆக, அடிபட்ட வண்டியை எப்போது வாங்கலாம்? கொட்டகலைப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் மரக்கறி ஏற்ற ஒரு டிமோ பட்டா லொறி வைத்திருக்கிறார். டோட்டல் லாஸ் வண்டிதான். மரம் விழுந்து கேபின் கூரையின் ஓரமும் கண்ணாடியும் கதவும் நசுங்கிக் கிடந்ததை டெண்டரில் எடுத்தார். உடைந்த கோலத்திலேயே வாங்கினார், அதுதான் விஷயம். சேசி நேராக இருக்கிறதா என்று பாஸை வைத்து நூல் பிடித்துப் பார்த்தார். கேபின் வேலை முடியும்வரை கராஜிலேயே போய் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து வைத்திருக்கிறார். நாளைக்கு விற்கப் போனால் அந்தப் படங்களைக் காட்டி விற்பேன் என்கிறார். கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் திருத்திய வண்டியை வாங்குவதைவிடத் திருத்தாத வண்டியை வாங்குவதில் பயம் குறைவு. உடைசல் கண்ணுக்குத் தெரிகிறது. திருத்திய வண்டி என்றால், திருத்துவதற்கு முன் எடுத்த படம் கேளுங்கள். ஃபோன் இல்லாத கராஜ் இந்த நாட்டில் இல்லை. படம் இல்லை என்றால் காட்ட விருப்பம் இல்லை.

விலையையும் பாருங்கள். நல்லது பதினாலு, இது பன்னிரண்டு என்றால் இரண்டு இலட்சம் மிச்சம் என்று தம்பி நினைத்தான். வளைந்த முன்பக்கத்தை நேராக்கும் செலவு அவன் தலையில். உண்மையைச் சொல்லி விற்கப் போனால் அவனுக்கும் அதே குறைந்த விலைதான் கிடைக்கும். காப்புறுதிக்காரர் ஃபுல் இன்சூரன்ஸ் தர யோசிப்பார். தேர்ட் பார்ட்டி மட்டும் என்றால், நாளை உருண்டால் அம்மாவின் 889 பேரும் பள்ளத்தில். விபத்தைச் சொல்லாமல் ஃபுல் எடுத்தால், இழப்பீடு கேட்கும் நாளில் அவர்கள் அதைக் கண்டுபிடிப்பார்கள். கட்டும் நாளில் யாரும் தேடுவதில்லை. தோலில் மட்டும் பட்ட வண்டி என்றால்கூட நாலில் ஒரு பங்காவது குறையாமல் நான் பேச்சைத் தொடங்க மாட்டேன். எலும்பில் பட்டது என்றால், சாமான் ஏற்றுவதற்குக்கூட யோசிப்பேன். பிள்ளைகளை ஏற்றுவதென்றால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். இது என் கருத்துத்தான், பாஸ்மாரில் சிலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நன்றாக வெட்டிப் பூட்டினால் அசல் மாதிரி நிற்கும் என்று அடித்துச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இருக்கலாம். நன்றாகப் பூட்டினானா என்று நமக்கு எப்படித் தெரியும்?

பேப்பர் விஷயம் இரண்டே வார்த்தை. 'ஓப்பன் பேப்பர்' என்று யாரோ எப்போதோ கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவத்தோடு வண்டி கொடுத்தால் எடுக்காதீர்கள். நடுவில் நின்ற மூன்று சொந்தக்காரர்களின் பெயரும் அதோடு மறைந்துவிடும், அடிபட்டது யார் கையில் என்று கேட்க ஆள் இருக்காது. ஒப்பந்தம் சிங்களத்தில் இருந்தால் வாசிக்கத் தெரிந்த ஒருவரை, புரோக்கரின் ஆள் இல்லாத ஒருவரை வைத்து வரிக்கு வரி வாசிக்கச் சொல்லுங்கள். "வண்டி இருக்கும் நிலையிலேயே ஏற்றுக்கொள்கிறேன்" என்று ஒரு வரி அநேகமாக இருக்கும். அதற்குக் கீழே "சேசியில் வெட்டு, ஒட்டு இல்லை என்று விற்பவர் உறுதி சொல்கிறார்" என்று ஒரு வரி கையால் எழுதிக் கையெழுத்துக் கேளுங்கள். போட மறுத்தால் பதில் கிடைத்துவிட்டது. அம்மாமாரே, இந்த வரியை மட்டும் நீங்களே கேளுங்கள். உங்கள் முகத்தைப் பார்த்துப் பொய்க் கையெழுத்துப் போடுவது கொஞ்சம் கஷ்டம்.

இனி என் பாக்கி.

இரண்டு வண்டி என்று பாஸ் சொன்ன பிறகும் நான் ஸ்கூல் ஹயரை நிறுத்தவில்லை. அப்பாவின் பணம், நகை, மாதத் தவணை. "மெதுவா ஓட்டினா ஒன்னும் ஆகாது" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தூண் நேராக இல்லாததால் இழுவைக் கதவு சரியாகப் பூட்டு விழாது. இரண்டு தடவை அடித்துச் சாத்த வேண்டும். 2018 ஜூன், கொட்டும் மழை, டிக்கோயாவுக்கு முன்னால் ஒரு வளைவு. கதவு தானாகப் பாதி திறந்தது. வெளிப்பக்கம் உட்கார்ந்திருந்த நாலாம் வகுப்புப் பிள்ளையின் மடியிலிருந்த புத்தகப் பை உருண்டு வெளியே போனது. பை மட்டும். பிள்ளையைப் பக்கத்திலிருந்த அக்கா சட்டையில் பிடித்திருந்தாள். நான் இறங்கித் தேயிலைக்குள் போய்ப் பையை எடுத்து வந்தேன். கொப்பிகளெல்லாம் ஊறியிருந்தன, சாப்பாட்டுப் பெட்டி திறந்து ரொட்டி சேற்றில் கிடந்தது. யாரும் அழவில்லை. பிள்ளைகள் அதைப் பெரிய வேடிக்கை மாதிரி சிரித்தார்கள். மாதம் முடிந்ததும் ஸ்கூல் ஹயரை விட்டேன். கதவுக்கு உள்பக்கம் ஒரு இரும்புக் கொக்கி போட்டு, மரக்கறி ஏற்றினேன்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 தொடக்கம் வரை கதவு முழுதாகத் திறக்கவில்லை. புது வண்டி வராத ஊரில் பழைய இரும்பெல்லாம் பொன்னானது. வேறு நாளில் தகட்டுக்கடைக்குப் போயிருக்க வேண்டியவற்றையும் திருத்தி ஓட்டினார்கள். 2021இல் என் வேனுக்கு இருபத்தெட்டு இலட்சம் கேட்டு வந்தார்கள். இரண்டு பாதி வண்டிக்கு எட்டு இலட்சம் இலாபம். வாங்க வந்தவர் மலையகத்துப் பையன்தான், கொழும்பில் கடையில் நின்று சேர்த்த காசும் வீட்டுக் காசும் கொண்டுவந்திருந்தார். ஊரிலேயே ஹயர் ஓடப் போகிறேன் என்றார். ஓட்டிப் பார்த்தார். டயர் நான் புதிதாகப் போட்டிருந்தேன். கொக்கியைப் பார்த்து, "இது எதுக்குண்ணே?" என்றார். மரக்கறி மூட்டை தள்ளும் என்றேன். பிறகு கேட்டார், "அடிபட்ட வண்டியா?"

"லேசா" என்றேன்.

அவர் பெயர் சீஆரில் போன பிறகு அந்த வேன் இன்னும் எத்தனை கை மாறியதோ தெரியாது. ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் வெள்ளை டொல்பின் ஒன்று நின்றால் இன்றும் சுற்றிப்போய் இடது கதவைப் பார்க்கிறேன். உங்களில் யாரோ ஒருவர் இப்போது அதன் சொந்தக்காரர். பாயைத் தூக்கிப் பாருங்கள், வண்டிக்கு அடியில் இடது நடுத்தூண் பக்கம் தாரைச் சுரண்டிப் பாருங்கள். வெள்ளைக்குக் கீழே நீலம் தெரிந்தால் அது என் வேன்தான். உள்பக்கக் கொக்கியைக் கழற்றியிருந்தால் திரும்பப் போடுங்கள், கதவோரம் பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள். பத்திரிகை ஆசிரியரிடம் என் விலாசம் இருக்கிறது. கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள், அந்த எட்டு இலட்சத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

இப்படிக்கு,
பழைய ஸ்கூல் வேன்காரன்,
நோர்வூட்